பாட்டுக்குச் சொந்தக்காரன் யார்? வாதாட நம்மில் எத்தனை பேர்?



காலை ஏழு மணிக்கு ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனை எதிரே நின்று பாருங்கள். சாலிகிராமத்திற்கும் வடபழனிக்கும் போகிறவர்களில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர் இருப்பார். எடிட்டிங் அறையில் கண் விழித்துப் பாழாகிறவர் இருப்பார். டப்பிங் பேசும் சகோதரி இருப்பார். எதிர்த்திசையில் பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளத்திற்கு லைட்மேன்களும் செட் போடும் ஆசாரிகளும் போய்க்கொண்டிருப்பார்கள். போரூர், மணப்பாக்கம் கணினி நிறுவனங்களுக்கு நிரல் எழுதப் போகும் பிள்ளைகள் வேறு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அச்சு வார்க்கவும் கருவி கடையவும் போகும் தொழிலாளர்கள் வேறு.

இவர்களில் பலரும் தம் மூளையால் ஏதோ ஒன்றைப் புதிதாக உண்டாக்குகிறவர்கள். தாம் உண்டாக்கியதில் எது தமக்குச் சொந்தம், எது முதலாளிக்குச் சொந்தம் என்று இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் கேட்டறிய, இவர்கள் தெருவில், இவர்கள் மொழியில் பேசும் வழக்குரைஞர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

கையெழுத்துப் போடும் முன்

பாட்டெழுதப் போகும் இளைஞனிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், இனி வரப்போகும் எல்லா வடிவங்களுக்கும் உரிமையைத் தந்துவிட்டேன் என்று அதில் எழுதியிருக்கும். முதல் வாய்ப்பாயிற்றே என்று அவனும் போட்டுவிடுகிறான். பாட்டு ஓடுகிறது. கைபேசியில் ஒலிக்கிறது, கல்யாண மண்டபத்தில் ஒலிக்கிறது. எழுதியவன் வீட்டில் வாடகை பாக்கி!

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுகள். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்பந்த நாளில் இல்லாத ஒரு புதிய ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிக்காவிட்டால், அந்த ஊடகத்துக்கு ஒப்பந்தம் பொருந்தாது. திரைப்படத்தில் சேர்ந்த பாட்டும் இசையும் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது, அதற்கான ராயல்டியில் சம பங்கைப் படைத்தவன் விட்டுக்கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இந்தக் கடைசி இரண்டு பாதுகாப்புகளும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தவை.

சட்டம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல, அந்த இளைஞன் பக்கத்தில் ஆள் இல்லை!

உரிமை வந்த வழி

இது இன்று நேற்று வந்த வழக்கல்ல. மகாகவி பாரதியின் பாடல்களைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமையே ஒரு காலத்தில் ஏவி.எம். நிறுவனத்தின் கையில் இருந்தது. பாரதியின் பாட்டு மக்கள் சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்களும் மக்களும் குரல் கொடுத்த பிறகே, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் உரிமைகளை ஏற்றது.

1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, படத்தோடு சேர்ந்த பாட்டுக்கும் இசைக்கும் அவரே முதல் உரிமையாளர் என்றது. அதே வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று அவர் சுட்டிக்காட்டினார். பாடகர், நடிகர் போன்ற நிகழ்த்துவோருக்கு உரிமை வந்தது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

அடுத்த ஆண்டு, 1978இல், ஆர்.ஜி. ஆனந்த் என்னும் நாடக ஆசிரியர் தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சையத் முர்தஸா ஃபஸல் அலீ. வெறும் கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதைச் சொல்லும் வடிவத்துக்குத்தான் உரிமை என்று அவர் வகுத்த அளவுகோல், இன்றும் கதைத் திருட்டு வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. கதை திருடுபோனது என்று கோடம்பாக்கத்தில் யார் புலம்பினாலும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்காக மாநிலங்களவையில் போராடியவர் யார்? ஜாவேத் அக்தர். அவர் வழக்குரைஞர் அல்லர், பாட்டெழுதிப் பிழைத்தவர். தொழிலின் வலி தெரிந்தவன் பேசியபோது சட்டம் அசைந்தது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

யார் இந்த வழக்குரைஞர்கள்?

அறிவுசார் சொத்துரிமை வழக்குரைஞர் என்றவுடன் பரம்பரை வக்கீல் வீட்டுப் பிள்ளை, ஆங்கிலப் பள்ளி, வெளிநாட்டுப் பட்டம் என்று நாமே ஒரு சித்திரம் வரைந்துகொள்கிறோம். அப்படிப்பட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இத்துறைக்கு வேறு வாசல்களும் உண்டு.

முதல் வாசல் அறிவியல். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கித் தரும் முகவராக வேண்டுமானால், அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்று, அரசு நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதற்குச் சட்டப் பட்டமே தேவையில்லை! வீதிக்கு நாலு பேர் பொறியியல் பட்டத்தோடு வேலை தேடும் நம் பகுதியில் இந்தச் செய்தி எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? உலகம் போற்றும் ஐன்ஸ்டீன் 1902 முதல் 1909 வரை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார்.

இரண்டாம் வாசல் வணிகம். கணக்குப் படித்தவன், கம்பெனி செயலர் படிப்புப் படித்தவன் ஒப்பந்தத்தில் பணம் எங்கே ஒளிகிறது என்பதை எளிதில் கண்டுகொள்வான். ராயல்டிக் கணக்கில் 'செலவு போக மீதி' என்ற மூன்று சொல்லுக்குள் ஒரு வீட்டையே மறைத்துவிடலாம் என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் வாசல் தொழில். ஒலிப்பதிவு செய்தவன், படம் வெட்டித் தொகுத்தவன், நாடகம் போட்டவன், அச்சகம் நடத்தியவன் பட்டதாரியாக இருந்தால் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பொழுதுபோக்குத் துறைச் சட்டம் என்று தனித் தகுதித் தேர்வு எதுவும் இந்தியாவில் இல்லை. சட்டப் பட்டம், பார் கவுன்சில் பதிவு, பிறகு அகில இந்திய வழக்குரைஞர் தேர்வு, அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டியது தொழில் அறிவு. இரண்டு பாட்டுகளில் எது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காது பழகியவன் கண்டுபிடிப்பது போல், சட்டப் புத்தகம் மட்டும் படித்தவனால் முடியுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். டார்ஜிலிங் தேயிலையும் அங்கேதான் பதிவாயிற்று. ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003 முதல் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கும் பிற நீதிமன்றங்களுக்கும் போயின. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது. நம் பிள்ளைகள்தாம் உள்ளே போகவில்லை.

'சினிமா வழக்கு நமக்கெதற்கு?'

இப்படிக் கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பணிவோடு சில வார்த்தைகள்.

இது சினிமாவோடு முடிகிற சங்கதி அல்ல. உங்கள் பிரியாணிக் கடையின் பெயர், தோல் பதனிடும் உங்கள் கூடத்தில் வரைந்த செருப்பு மாதிரி, உங்கள் அத்தர் புட்டியில் ஒட்டிய முத்திரை, நீங்கள் வெளியிடும் நூல் அனைத்தும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. பிரியாணிக் கடைப் பெயருக்காக உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன மாநிலம் நம்முடையது.

நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் குரல் ஒலிக்காத ஊர் தமிழகத்தில் உண்டா? பாடியவர் பெயரைக் குழந்தையும் சொல்லும். அந்தப் பாடல்களை எழுதிய கவிஞர்கள் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? உரிமையை விற்ற பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது என்கிறது சட்டத்தின் 57ஆம் பிரிவு. அந்தப் பிரிவைத் தம் தந்தைக்காகப் பயன்படுத்திய கவிஞர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

2024இல் 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு மீட்டார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். நல்ல முன்மாதிரி. ஆனால் கேட்காமலேயே குரலை எடுத்துக்கொள்கிறவர்கள் நாளை வந்தால், அந்தக் குடும்பம் யாரிடம் போகும்? பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்தவர்களுக்கு எதிராக அதே 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தந்தது. அரிஜித் சிங்குக்கு வழக்குரைஞர் கிடைத்தார். வளசரவாக்கத்தில் டப்பிங் பேசும் சகோதரிக்கு யார் கிடைப்பார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழகத்தின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது. ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். திருட்டுக் குறுந்தகடு விற்றது தவறு. அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நகலெடுத்துக் கோடி சேர்த்தவனும், நடைபாதையில் துண்டு விரித்து நாலு தகடு விற்றவனும் ஒன்றா? பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கெனத் தண்டனை இருக்கும்போது குண்டர் சட்டம் எதற்கு என்று கேட்க, அந்த ஏழையின் பக்கம் இச்சட்டம் அறிந்த வழக்குரைஞர் வேண்டாமா?

'வக்கீலுக்குப் படித்தால் சோறு கிடைக்குமா?'

நியாயமான கேள்வி. இளம் வழக்குரைஞனின் முதல் ஐந்தாண்டு பட்டினிக் காலம் என்பது ஊரறிந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் அலுவலகம் உண்டு. தையல்காரர் மகனுக்கு என்ன உண்டு? இத்துறையில் எளியவர்கள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, இந்த ஐந்தாண்டுதான்.

ஆனால் நிலைமை சற்று மாறிவருகிறது. பதிவுக் கட்டணமாகப் பல்லாயிரம் வாங்கிய மாநில பார் கவுன்சில்களை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றது. இளம் வழக்குரைஞருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. உத்தரவு எல்லா அலுவலகங்களிலும் நடைமுறையாகிவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஆனால் கேட்பதற்கு இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது.

1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி, 2018 முதல் திருவள்ளூர் அருகே பட்டரைப்பெரும்புதூரிலும் தெற்கே புதுப்பாக்கத்திலுமாக இரண்டாக இயங்குகிறது. மேற்குப் புறநகர்ப் பிள்ளைக்கு அது எட்டாத ஊரல்ல. 2007இல் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு சட்டக் கல்லூரிக்கும் உண்டு. போராடிப் பெற்ற இடத்தைப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் விண்ணப்பித்து வீணாக்கலாமா?

செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஜமாஅத்தும், ஒவ்வொரு ஊர்க் கிளையும் மூன்று காரியங்களை எடுத்துச் செய்யட்டும்.

ஒன்று: ஏற்கெனவே பட்டம் பெற்று, ஒலிப்பதிவு, அச்சு, கணினி, தோல் போன்ற ஏதேனும் ஒரு தொழிலில் இருப்பவர்களில் ஆர்வமுள்ள ஒருவரைச் சட்டம் படிக்க அனுப்புங்கள். பையன்கள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

இரண்டு: படிப்புக் கட்டணத்தோடு உதவி முடிந்துவிடக் கூடாது. பதிவு செய்த பிறகு முதல் மூன்றாண்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். உண்மையான நெருக்கடி அப்போதுதான் தொடங்குகிறது.

மூன்று: மாதம் ஒரு ஞாயிறு, ஏதேனும் ஒரு கூடத்தில், ஒப்பந்தம் படித்துச் சொல்லும் நாள் நடத்துங்கள். எந்தச் சமயத்தவர் வந்தாலும் படித்துச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் அங்கே எழுதி ஒட்டுங்கள்.

இரண்டே மாதத்தில் 'சினிமா வக்கீல்' ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் சான்றிதழ் வகுப்புகளில் காசைக் கொட்ட வேண்டாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் அடிப்படைப் பாடம் கட்டணமின்றியே கிடைக்கிறது. அதைப் படித்துப் பார்த்து, ஆர்வம் நிலைத்தால் கல்லூரிக்குப் போகட்டும்.

சகோதரர்களே! நிலம் பறிபோனால் பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மூளையின் விளைச்சல் பறிபோகும்போது மட்டும் விதி என்று விட்டுவிடுகிறோம். அதற்கும் பட்டா உண்டு, அதைக் காக்கச் சட்டம் உண்டு, வாதாட மன்றமும் உண்டு. அந்த மன்றத்தில் எழுந்து நிற்க நம் தெருவிலிருந்து ஒருவரை இந்தக் கல்வியாண்டிலேயே அனுப்புவோமா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!