வேதனைக்கு இலக்கணம் வகுப்போர்

மனம் என்பது யாது என்ற வினா மெய்யியலாளரின் ஓய்வுநேர விளையாட்டு என எண்ணுவோர் நம்மிடையே பலர். அஃது அவ்வாறன்று. யார் துன்பப்படுகிறார், யாருடைய துன்பத்தை நாம் பொருட்படுத்தல் வேண்டும் என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவேதான், அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேனாட்டு மெய்யியலிற் செல்வாக்குடன் விளங்கும் தொழிற்பாட்டுவாதத்தை ஆராயாது ஏற்றுக்கொள்ள நம்மால் இயலாது.

இக்கொள்கையின் சாரம் எளிது. கத்தியைக் கத்தியாக்குவது இரும்பன்று, வெட்டுந் தொழிலே. அதுபோல், வேதனையை வேதனையாக்குவது அது நிகழும் பொருளன்று. அது ஆற்றும் தொழிலே. உடல் ஊறுபடுவதால் தோன்றி, கேடு நேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையையும் அதனின்று விடுபடும் அவாவையும் எழுப்பி, அலறலையும் விலகலையும் விளைவிக்கும் உள்நிலை எதுவோ, அதுவே வேதனை. அமெரிக்க மெய்யியலாளர் ஹிலறி புட்னம் 1967இல் வெளியான கட்டுரையொன்றில் இக்கருத்தைக் கணிக்கும் பொறியை மாதிரியாகக் கொண்டு நிறுவ முற்பட்டார்.

இதன் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. உடலினின்றும் வேறான ஆன்மாவைத் துணைக்கழைக்காமலே மனத்தை விளக்க அது வழிகாட்டியது. மனநிலை என்பது மூளை நிகழ்ச்சியே என 1956இல் பிளேஸும் 1959இல் ஸ்மாட்டும் வாதித்திருந்தனர். அவ்வாறாயின், மூளையமைப்பில் நம்மினின்றும் பெரிதும் வேறுபட்ட பேய்க்கணவாய்க்கு வேதனை இருக்க முடியாதா என்ற புட்னத்தின் கேள்வி நியாயமானதே. வெளிநடத்தையை மட்டுமே கண்ட நடத்தைவாதத்தினும் இது ஒரு படி முன்னேற்றம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால், தொழில்களின் பட்டியலை வகுப்பவர் யார்? எத்தனை தொழில்கள் நிறைவேறினால் வேதனை உண்டு, எத்தனை குறைந்தால் வேதனை இல்லை என்று தீர்ப்பளிப்பவர் யார்? இக்கொள்கையின் குற்றம் இங்கேதான் வெளிப்படுகிறது.

பட்டியல் விரிந்தால் நேர்வதை நெட் புளொக் 1978இல் எடுத்துக்காட்டினார். சீன தேசத்து மக்கள் ஒவ்வொருவரும் ஒரு நரம்புக்கலத்தின் வேலையைச் செய்து, வானொலியால் ஒருவரோடொருவர் தொடர்புகொண்டு, ஒரு மணி நேரம் ஒரு மனத்தின் தொழிற்பாடு முழுவதையும் நடத்துகிறார்கள் எனக் கொள்வோம். அப்போது, அம்மக்களுள் எவர்க்கும் உரித்தல்லாத ஒரு தலைவலி அக்கூட்டத்திற்கு உண்டாகிறதா? உண்டாகிறது என்றே தொழிற்பாட்டுவாதி சொல்லியாக வேண்டும்.

பட்டியற்படி நடவாத ஒருவனின் நிலையை டேவிட் லூயிஸ் 1980இல் ஆராய்ந்தார். வேதனையுற்றபோது அலறாமல், அதனை நீக்கவும் விரும்பாமல், கணிதத்தில் மனஞ்செலுத்தும் பித்தன் ஒருவனை அவர் கற்பனை செய்தார். அவனுக்கு வேதனை உண்டு என்பதை அவர் ஒப்பினார். எவ்வாறு? அவன் இனத்தைச் சேர்ந்த ஏனையோரிடத்து அதே உள்நிலை வேதனையின் தொழிலை ஆற்றுவதால்! தன் உடலில் தானே அனுபவிக்கும் துன்பத்துக்கு அயலாரின் துன்பம் சான்றிதழ் வழங்க வேண்டுமாம். இதனினும் விந்தையான நியாயம் உண்டோ?

பட்டியல் சுருங்குவதன் விளைவைக் காணக் கற்பனை வேண்டியதில்லை. மருத்துவ வரலாறே போதும். 1980கள் வரை மேனாட்டு வைத்தியசாலைகள் பலவற்றிற் பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய உணர்வுநீக்கியின்றியே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுக்கப்பட்டமையால் அவை அசையவும் அழவும் இயலாது கிடந்தன. மருந்தினால் உயிராபத்து நேரும் என்ற அச்சம் ஒரு காரணம். நரம்புகள் முதிரவில்லை, நினைவு நில்லாது, ஆகவே வேதனையும் பெரிதன்று என்ற எண்ணம் மற்றொரு காரணம். 1987இல் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளிடத்து ஆய்வு நடத்தினர். வலிநீக்கும் மருந்து பெறாத குழந்தைகளின் உடலில் ஓமோன்களின் கொந்தளிப்பு மிகுந்திருந்ததையும், சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்கள் கூடியிருந்ததையும் அவர்கள் கண்டறிந்தனர்.

அந்த வைத்தியர்கள் புட்னத்தைக் கற்று இவ்வாறு நடந்தனர் என நாம் பழி கூறவில்லை. ஆயினும், நம்பிக்கை, அவா, நினைவு என்ற வளர்ந்தோரின் அளவுகோலைக்கொண்டு குழந்தையின் துன்பத்தை அளந்தது ஒரே நோயின் அறிகுறியே. குழந்தைக்குரிய பட்டியல் வேறு எனத் தொழிற்பாட்டுவாதி விடையிறுக்கலாம். நன்று. அப்புதிய பட்டியலை எதைக்கொண்டு எழுதுவது? குழந்தைக்கு நோகிறது என்பதை முன்னரே ஒப்புக்கொண்டாலன்றி, எத்தொழில்களைச் சேர்ப்பது, எவற்றை நீக்குவது என்று அவரால் எவ்வாறு அறியமுடியும்?

அப்படியானால் மீண்டும் ஆன்மாவிடம் சரணடைவதா எனச் சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. புகையைக் கண்டு நெருப்பை அறிகிறோம்; அதனால் புகையே நெருப்பாகிவிடாது. நீறுபூத்த நெருப்பும் சுடும். அலறலும் விலகலும் வேதனையை அறியும் குறிகள். வேதனையோ உயிருள்ள உடலின் அனுபவம். குறியைப் பொருளாக மயங்குவதே தொழிற்பாட்டுவாதத்தின் அடிப்படைத் தவறு. இக்கொள்கையின் முன்னோடியாகிய புட்னமே 1988இல் வெளியிட்ட நூலில் அதனைக் கைவிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இன்று கணினிகள் மனிதரைப் போல் உரையாடுகின்றன. விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துகளை அடுக்குபவன் சீனமொழியை அறிந்தவனாகான் என்ற ஜோன் சேர்ளின் 1980ஆம் ஆண்டு வாதம் இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கு நடக்கட்டும். ஆனால், இனிதாக உரையாடும் பொறிக்கு மனம் உண்டோ என்று உருகுவோர், உரையாட வலியற்றுக் கிடக்கும் மனிதரை மறத்தல் தகாது. பேச்சிழந்த முதியவர், அசைவிழந்த நோயாளி, அழவியலாத சிசு ஆகியோர் எந்தப் பட்டியலையும் நிறைவு செய்யார். தொழிலால் மனிதரை மதிப்பிட்டு, தொழில் ஓய்ந்ததும் அவரை ஒதுக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் ஏற்கனவே வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கத்துக்கு மெய்யியலின் பெயரால் இலக்கணமும் வகுத்துக் கொடுக்க நாம் உடன்படலாகாது.