நிறுத்துவதும் வைத்தியமே: பழவேற்காட்டுக் குப்பங்களின் பிரகடனம்

கோரைக்குப்பம், கூனங்குப்பம், ஜமீலாபாத் என்று பழவேற்காடு ஏரியையும் கடலையும் நம்பி வாழும் ஊர்களின் பெரியவர்களும், அவர்களுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகள்களும் மருமகள்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

மாத்திரை கிடைக்கவில்லை என்பது எங்கள் குறை அல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு பொன்னேரிக்கு பஸ் ஏறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அறுபது வயதில் எழுதிய சீட்டு எண்பதிலும் அப்படியே ஓடுகிறது. இடையில் உடம்பு இளைத்து, சாப்பாடு பாதியாகி, சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது. அன்று அளவாக இருந்த மருந்து இன்று மிகையாகலாம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. படகில் நிற்கும்போதோ இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவும்போதோ கிறுகிறுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் இங்கே மாத்திரைகள் திருட்டுத்தனமாக நிற்கின்றன. கடலுக்குப் போகிற நாளில் நீர் மாத்திரை பெட்டியிலேயே கிடக்கும். ஒருநாள் தலைசுற்றினால் அத்தனையும் குப்பைக்குப் போகும். டாக்டர் கேட்டால் “ஒழுங்கா போடறேங்க” என்று பதில். இந்த வழக்கத்தையும் எதிர்க்கிறோம். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பே வரலாம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

ஆராய்ச்சிகளும் எல்லோருக்கும் ஒரே விடை சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. இதய நோயே வந்திராதவர்களுக்கு தினசரி ஆஸ்பிரினால் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. பிரான்சில் மாரடைப்பு வந்து தேறியவர்களிடம் பீட்டா பிளாக்கரை நிறுத்திப் பார்த்தார்கள்; இதயக் கோளாறுகளுக்காக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அதிகமானதாக 2024-இல் தெரிந்தது. ஏரியில் மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பங்கிடும் பாடு முறையில், அதில் சேர்ந்தவர்களுக்குப் பங்கு சமம். மாத்திரையில் அந்தச் சமத்துவம் ஆகாது.

ஆகவே பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு முதியவரோடும் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். தனியார் டாக்டர் கொடுத்தது உட்பட எல்லா மாத்திரையும் மேசைக்கு வரட்டும். பிரஷரை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்க்கட்டும். பக்கவாதத்துக்குப் பயப்படுகிறாரா, கீழே விழுவதற்கா என்று பெரியவரிடமே கேட்க வேண்டும். பதில் சொல்ல மகன் முந்திக்கொள்ளக் கூடாது. குறைப்பதானால் ஒரு நேரத்தில் ஒரு மருந்து, மெதுவாக, மறுபரிசோதனைத் தேதியோடு. தொந்தரவு திரும்பினால் திட்டாமல் மறுபடி தொடங்க வேண்டும்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவம் 1978-லேயே வந்துவிட்டது. கிண்டியில் அதற்கென்றே தேசிய மருத்துவமனை 2024-இல் திறந்தாயிற்று. அந்த அனுபவம் எங்கள் ஊர் டாக்டருக்கு ஒரு போன் தூரத்திலாவது இருக்கட்டும்.

அதுவரை யாரும் எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். தலை சுற்றுகிறவர்கள் சீட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். துணைக்கு எங்களில் ஒருவர் வருவோம்.