பேசாத படத்தை வரைவோமா?

ஆரணியில், பட்டுத் தறி ஓடும் வீட்டுக் குட்டீஸுக்கு ஒரு விஷயம் தெரியும். தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அப்பா கையை அசைத்தாலே, நூல் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று புரிந்து விடும். அந்தக் கால மவுனப் படங்களும் இப்படித்தான் கதை சொல்லின.

சார்லி சாப்ளினின், 'தி கிட்' படம், 1921ல் வந்தது. அதில் ஒரு சிறுவன், ஜன்னல் கண்ணாடியை உடைக்கக் கல்லை ஓங்குவான். பின்னால் நிற்கும் போலீஸ்காரர் மீது கை இடிக்கும்! அப்போது அவன் முகம் எப்படி மாறும்? அதை வரையுங்கள். ஒரு வார்த்தை கூட எழுதாமல், பார்ப்பவரைச் சிரிக்க வைத்தால் நீங்கள் ஓவியர்தான். கார்ட்டூனை அப்படியே காப்பி அடிப்பதை விட, இதுவே நல்ல பயிற்சி என்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆரணிக்குப் பக்கத்து ஊரான வேலூரைச் சேர்ந்த நடராஜ முதலியார், 1917-18ல், சென்னையில், 'கீசக வதம்' படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மவுனக் கதைப் படம் அது. இன்று அதன் ஒரு பிரதி கூட இல்லை. அன்று பார்த்த சிறுவர் யாராவது ஒரு காட்சியை வரைந்து, பத்திரமாக வைத்திருந்தால், அந்த பீமனையும், கீசகனையும் நாமும் பார்த்திருக்கலாமே!

எனவே குட்டீஸ், இந்த ஞாயிறு ஒரு மவுனப் படம் பாருங்கள். ஒரே ஒரு காட்சியை வரையுங்கள். அப்படியே, தறியில் அமர்ந்திருக்கும் அப்பாவையும் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். கைத்தறிகள் குறைந்து வருகின்றன. அந்தக் காட்சியும் காணாமல் போய் விடக் கூடாது!