மதியம் பூட்டும் பூங்கா

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

போன மாதம் அண்ணனுக்கு ஆபரேஷன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன். எதிரிலேயே உங்கள் பூங்கா. காலை பத்து மணிக்குப் பூட்டினால் மாலை நாலுக்குத்தான் திறப்பார்கள். வார்டைவிட்டு வெளியேற்றப்பட்ட துணையாட்கள் பூட்டிய கேட்டுக்கு வெளியே, பிளாட்பாரத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அம்மா தூக்குவாளியைத் திறப்பார், ஒரு வாய் வைப்பார், மூடிவிடுவார். அவர் முதுகுக்குப் பின்னால், கம்பிக்குள்ளே, புங்கமர நிழல் ஆளில்லாமல் கிடக்கும்.

மாலையில் உள்ளே போய்ப் பார்த்தேன். செல்ஃபி எடுக்க ஊர்ப்பெயர் எழுத்துகள், கலர் விளக்கு, ஸ்பீக்கரில் பாட்டு, 'புல்லில் உட்காராதீர்' பலகை. பெஞ்சுகள் எல்லாம் நடைபாதையைப் பார்த்தபடி. எட்டு வடிவப் பாதையில் நடக்கிறவர்கள் சுற்றுக்கு ஒருமுறை நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போகலாம் என்று வருகிறவருக்கு அங்கே இடமில்லை.

மரமும் செடியும் வெறும் அலங்காரம் இல்லை. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹோர்ட்பார்க்கில் சிகிச்சைத் தோட்டமே அமைத்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கை எட்டும்படி அங்கே பாத்திகளை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. ஒரு மூலையை ஒதுக்குங்கள். பின்னால் செடிவேலி, முன்னால் திறந்தவெளி. முதுகுப்பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் உடம்பு தளரும். மறைவு கொடுத்தால் காதலர்கள் வந்துவிடுவார்கள் என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். வரட்டுமே! பெண்களின் பாதுகாப்புதான் கவலை என்றால், உட்கார்ந்தால் மறைக்கிற, நின்றால் ஆள் தெரிகிற உயரத்தில் வேலியை வெட்டிவிடுங்கள். கிரானைட் பெஞ்சு மே மாதத்தில் தோசைக்கல். சாய்மானம் வைத்த மரப்பெஞ்சு போடுங்கள். பக்கத்தில் ஒரு மகிழமரம், ஒரு பவழமல்லி. ஸ்பீக்கர் வேண்டாம். குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் கட்டாயம் வேண்டும்.

இதற்கெல்லாம் டெண்டர், ஒப்புதல் என்று நாளாகும், தெரியும். ஆனால் மதியம் திறந்துவைக்க ஒரு காவலாளி போதும்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த அம்மா இன்னும் பிளாட்பாரத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்தாவது அந்தக் கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டுகிறவர்களில் ஒருவன்