கல்லூரியும் கடைவீதியும் கைகோக்க வேண்டும்



ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மேற்குத் தாம்பரத்தில் உள்ள என் அரிசி மண்டிக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். மூட்டை தூக்குவோரைப் பற்றி ஆய்வு செய்வதாகவும், அவர்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றும் கேட்டார்கள். லாரி வந்து நின்ற நேரம். "வியாபார நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். நம் ஆட்களைக் கிளப்பிவிட வந்தவர்களோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது.

சென்ற ஆண்டு, என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூட்டை சுமந்த பெரியவர் முதுகுவலியால் வேலைக்கு வர முடியாமல் படுத்துவிட்டார். ஏதாவது வழி உண்டா என்று விசாரித்தேன். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் சுமை தூக்குவோருக்கு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவருக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, அறுபது வயதில் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் அறுபது வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். இவருக்கு வயது அறுபத்திரண்டு.

"அன்னைக்கு வந்த பிள்ளைங்க, வாரிய அட்டை இருக்கான்னுதான் கேட்டாங்க முதலாளி. என்ன அட்டைன்னு கேக்கறதுக்குள்ள லாரிக்குக் கூப்பிட்டுட்டாங்க" என்றார். கூப்பிட்டவன் நான்தான்.

தொழிலாளர் பற்றிய ஆராய்ச்சி ஆலைக்காரர்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். படித்தவர்கள் பக்கமும் குறை உண்டு. ஆய்வறிக்கை நூலகத்தில் போய் உறங்கினால், கடைவீதிக்கு என்ன பயன்? 1973-இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் சென்னையிலேயே இருக்கிறது. தொழிலாளர் மேலாண்மையில் பட்டப்படிப்புகளோடு, தொழிலாளர் சட்டங்களில் வார இறுதிப் பட்டயப் படிப்பும் நடத்துகிறது. நம் பிள்ளைகளில் ஒருவரையாவது அங்கே அனுப்பியிருக்கிறோமா?

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021-இல் நம் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. பாமர மொழியில் அதை நமக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததால், அதிகாரி வந்து கேட்கும்போதுதான் பலருக்குச் சட்டமே தெரிகிறது.

வணிகர்களுக்கு இதில் வேலையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததை நாம் வாடியா, திரு.வி.க. பெயர்களோடு நினைக்கிறோம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்கு முதலில் வழிவகுத்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வணிகர்களே.

1937 முதல் கிறித்தவக் கல்லூரி நம் தாம்பரத்தில் இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர் என்று எங்கு திரும்பினாலும் கல்லூரிகள். நம் சங்கம் இவர்களை அணுகி, மாதம் ஒரு மாலை, கடை அடைத்தபின், சங்கக் கட்டடத்தில் தமிழில் வகுப்பு நடத்தக் கேட்க வேண்டும். முதலாளியும் வேலையாளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கட்டும். ஆய்வுக்கு வரும் மாணவருக்கு நாம் கடையைத் திறந்துவிடுவோம். ஆய்வில் கண்டதை அவர்கள் நம்மிடமே வந்து சொல்லட்டும்.

செலவு ஒரு டீ, பிஸ்கட்டுதான். அந்தப் பத்து நிமிடத்தை நான் அன்று கொடுத்திருந்தால், ஒருவருக்கு இன்று மாதாமாதம் ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.