சர்வீஸ் கூடினால் வேலை வந்துவிடுமா?

"இந்த வேலையில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் பேச்சு அதோடு முடிந்துபோகும். எதிரே நிற்பவரின் கணக்கு சரியாகவே இருந்தாலும் அவர் வாயை மூடிக்கொள்வார். ஆண்டுகள் போகப் போகத் திறமை தானாக வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறிக்கிடக்கிறது. சம்பளம், பதவி உயர்வு, யார் சொல் எடுபடும் என்பது வரை அதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. சில தொழில்களில் அது உயிரையும் வாங்கியிருக்கிறது.

அனுபவத்துக்குப் பெருமதிப்பு தரப்படும் மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர்களின் பணி ஆண்டுகளையும் அவர்களது அறிவு, சிகிச்சைத் தரம் ஆகியவற்றையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் திரட்டி 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். 32 ஆய்வுகளில், அளந்த எல்லாவற்றிலும் ஆண்டு கூடக் கூடத் தரம் குறைந்திருந்தது. முன்னேற்றம் காட்டியவை இரண்டே இரண்டு.

மூத்த மருத்துவர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். மார்பக எக்ஸ்ரே பார்த்து அறிக்கை எழுதும் ஒருவர் "சந்தேகப்படும்படி ஏதுமில்லை" என்று எழுதி அனுப்புகிறார். ஈராண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு வேறொரு மருத்துவமனையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டால், முதலில் படம் பார்த்தவருக்கு அந்தச் செய்தி எட்டுவதே அரிது. ஆயிரக்கணக்கில் படம் பார்த்தாலும், தன் கண் எங்கே ஏமாறுகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியவரும்? கோவையில் லேத் ஓட்டும் டர்னரின் நிலைமை வேறு. கடைந்த துண்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்த அந்த நிமிடமே தவறு தெரிந்துவிடும். அளவு குறைந்திருந்தால் துண்டு ஸ்கிராப்புக்குத்தான் போகும். அங்கே ஆண்டுகள் உண்மையிலேயே கற்றுக்கொடுக்கின்றன.

பத்தாயிரம் மணிநேரம் உழைத்தால் எவரும் வல்லுநராகலாம் என்ற பேச்சும் இதே நம்பிக்கையின் வேறு வடிவம்தான். 2008-இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் பரப்பியது. அதற்கு அடிப்படையானது ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு. அதிலிருந்த எண் வெறும் சராசரி. ஆசிரியர் சுட்டிக்காட்டிய குறையை எடுத்துக்கொண்டு, அது தீரும் வரை தனியாக உட்கார்ந்து செய்த சாதகத்தைத்தான் அந்த ஆய்வு முதன்மையாகக் கண்டது. எரிக்சனே பின்னர் இந்த விதியை மறுத்து எழுதினார். சாதகத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மூத்தவர் தவறமாட்டார் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதை 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் தீவு காட்டியது. மூடுபனியில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுதளத்தின் ஒரு முனையில் நின்றது. கேப்டன் 11,700 மணிநேரம் பறந்தவர். அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர்களின் தலைவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதித் தேர்வு நடத்தியவரும் அவர்தான். புறப்படும் அனுமதி வரும் முன்பே விமானம் ஓடத் தொடங்கியது. அதே ஓடுதளத்தில் இருந்த பான் ஆம் நிறுவன விமானம் இன்னும் விலகவில்லையா என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லாண்ட் நகருக்கு மேல் யுனைடெட் விமானம் ஒன்று, சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி ஒரு மணிநேரம் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அந்தக் கேப்டனின் பறப்பு அனுபவம் 27,000 மணிநேரத்துக்கும் மேல். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அழுத்திச் சொல்லத் துணியவில்லை. இதற்குப் பிறகுதான் விமானத்துறை விழித்தது. இளையவர் மறுத்துப் பேசவும் கேப்டன் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் யுனைடெட் நிறுவனம் 1981-இல் பயிற்சி தொடங்க, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்றைக்கும் எத்தனை ஆயிரம் மணிநேரம் பறந்தவரானாலும் குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் உட்கார்ந்து தேர்வு கொடுத்தே ஆக வேண்டும்.

சாதாரண அலுவலகத்தில் இப்படி ஏதாவது உண்டா? புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் "சார் பக்கத்துல உக்காந்து பாத்துக்கோம்மா" என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அவள் அனுப்பிய கொட்டேஷன் ஏன் தள்ளுபடியானது என்று யாரும் சொல்வதில்லை. ஜூனில் செய்த பிழை மார்ச் மாத அப்ரைசலில், அதுவும் மதிப்பெண்ணாக மட்டும், வந்து சேர்கிறது. அப்படியே பத்து வருஷம் போனால் அவளும் ஒரு சீனியர். தன் பக்கத்தில் ஒரு புதியவரை உட்காரவைத்து அதே பிழையைச் சொல்லிக்கொடுப்பாள். இது அவள் குற்றமல்ல. அவளைக் கற்கவிடாத ஏற்பாட்டின் குற்றம்.

அமெரிக்க ராணுவம் பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. பயிற்சி முடிந்த கையோடு எல்லோரும் கூடி உட்கார்ந்து, என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்த முறை என்ன செய்வது என்று பேசுகிறார்கள். அந்த நேரத்தில் அதிகாரியின் தவறையும் சிப்பாய் சொல்லலாம். கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே உயிராகக் கொண்ட ராணுவத்தில் இது முடிகிறதென்றால், நம் கணக்குப் பிரிவிலும் விற்பனைப் பிரிவிலும் முடியாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? ஒரு டெண்டர் கைநழுவிய அன்று மாலையே அரைமணிநேரம் ஒதுக்கினால் போதும். முதலில் வாய் திறக்க வேண்டியவர் அங்கே இருப்பவர்களில் அதிக சர்வீஸ் உள்ளவர். தான் எங்கே சறுக்கினேன் என்று அவர் சொன்னால்தான் மற்றவர்கள் பேசுவார்கள்.