ட்ரோனும் கிரெடிட் கார்டும்: வலிக்காத செலவுலதான் ஆபத்து

போன வீடியோவுல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஃபார்ம் 16-ஐப் பார்த்தாலே வயிறு எரியுது. நம்ம வரிப்பணத்துல இவ்ளோ கோடிக்கு ட்ரோன் எதுக்கு அண்ணா?" நியாயமான கேள்வி.

2024 அக்டோபர் 15-ல இந்தியா அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டுச்சு. மொத்தம் 31 எம்க்யூ-9பி ட்ரோன். கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. பராமரிப்பும் சேர்த்து சுமார் 32,000 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, ஒன்னுக்கு ஆயிரம் கோடியைத் தாண்டுது. ட்ரோன்னா மலிவுங்கிற நினைப்பை முதல்ல விட்டுடுங்க.

அப்புறம் ஏன் வாங்குறாங்க?

1. நேரம்: நம்ம பாண்டி பீச் ரோட்டுல நின்னா தெரியுற கடலை ராத்திரி பகலா கண்காணிக்கணும். இந்த ட்ரோன் ஒரு நாளைக்கு மேல இறங்காம பறக்கும். கீழே இருந்து ஓட்டுறவங்க ஷிப்ட் மாத்திக்கலாம்.

2. பக்கத்து வீடு: சீனா சொந்தமா தயாரிக்குது. பாகிஸ்தான் சீனாகிட்டயும் துருக்கிகிட்டயும் வாங்கியிருக்கு. 2020-ல அஜர்பைஜான் துருக்கி ட்ரோனை வெச்சு ஆர்மீனிய டாங்கிகளை அடிச்சதை எல்லா ராணுவமும் பார்த்துச்சு.

3. உயிர்: 2024 செப்டம்பர்ல, அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலேர்ந்து இயக்கின ஒரு ட்ரோன் பழுதாகி வங்காள விரிகுடாவுல விழுந்துச்சு. போனது இயந்திரம் மட்டும்தான். எந்த வீட்டுலயும் இழவு விழல.

வாங்கின முறையும் எனக்குப் பிடிச்சிருக்கு. 2020-லயே ரெண்டு ட்ரோனை ஆயுதம் இல்லாம குத்தகைக்கு எடுத்து, ஓட்டிப் பார்த்துட்டுதான் கையெழுத்து போட்டாங்க. நாம கார் வாங்குறப்ப இவ்ளோ பொறுமையா இருக்கோமா?

ஆனா மூணாவது காரணத்துலதான் எனக்குப் பயம். 500 ரூபாயை எண்ணிக் கொடுத்தா வலிக்கும். கார்டைத் தட்டினா வலிக்காது, அதனாலயே செலவு கூடும். ஆயுத ட்ரோனும் அப்படித்தான். நம்ம பக்கம் உயிர் போகாதுன்னா, ஏவுகணையை அனுப்புற முடிவு சுலபமாயிடும். பாகிஸ்தான்லயும் யேமன்லயும் அமெரிக்கா வருஷக்கணக்கா ட்ரோன் தாக்குதல் நடத்துச்சு. பொதுமக்களும் செத்தாங்க. தட்டினது ஒருத்தர், பில் வந்தது வேற வீட்டுக்கு.

அதனால வாங்கினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். கண்காணிக்கத் தேவைதான். ஆனா சுடுற முடிவை யார் எடுக்குறா, அதுக்கு யார்கிட்ட பதில் சொல்லணும்னு நாடாளுமன்றம் கேட்கணும், நாமளும் கேட்கணும். ஒரு கம்பெனியை ஆடிட் பண்ணப் போனா, செலவுத் தொகைக்கு முன்னாடி நான் பார்க்குறது ஒன்னுதான்: செக்ல கையெழுத்து போடுற அதிகாரம் யார்கிட்ட இருக்கு?

ட்ரோன் ஷேர் வாங்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: அது தனி வீடியோ. அதுவரைக்கும் எஸ்ஐபி-யை நிறுத்தாதீங்க.